கவிதையில் பேசுகிறவன்

புதன்கிழமைக் கவிதை வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. யாருடைய கவிதையைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து கோழியை உரிப்பது போல அந்தக் கவிதையை உரிப்பார்கள். எழுதியவர் தன் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தலையை ஆட்டலாம். பென்சிலைக் கடிக்கலாம். "ஐயோ, நான் சொல்லவந்தது அதில்லையே" என்று மட்டும் சொல்லக் கூடாது. எல்லாம் முடிந்தபின் பேராசிரியர் விட்லோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, டையின் நுனியால் துடைத்துக்கொண்டே, "கவிஞர் ஏதாவது சொல்ல விரும்புறாரா?" என்று கேட்பார்.

அதற்குப் பதில் ஒன்றுதான் உண்டு. "நன்றி. ரொம்ப உபயோகமா இருந்துச்சு."

வேறு பதில் சொன்னவரை நான் பார்த்ததில்லை. ஒருவர் அழுதுகொண்டே அதைச் சொன்னார். அவருக்கும் உபயோகமாகத்தான் இருந்ததாம்.

சட்டம் விட்லோ கண்டுபிடித்ததல்ல. அவருக்குப் பாடம் சொன்னவர்கள் தெற்கே ஏதோ ஒரு கல்லூரியில் இருந்தார்கள். கவிதை ஒரு கடிகாரம், ஓடுகிறதா என்று பார், செய்தவனுக்கு வயிற்றுவலியா என்று விசாரிக்காதே என்பது அவர்கள் கட்சி. ஆகவே கவிதையில் 'நான்' என்று வந்தால் அது எழுதியவர் இல்லை. அது 'கவிதையில் பேசுகிறவன்'. எங்கள் வகுப்பில் 'நீ எழுதியிருப்பது போல' என்று யாராவது சொல்லிவிட்டால், சர்ச்சுக்குள் விசிலடித்தவனைப் பார்ப்பது போல எல்லோரும் திரும்பிப் பார்ப்போம்.

இன்னொரு சட்டமும் உண்டு. அது இன்னும் பழையது. முதல் உலகப் போருக்கு முன்னால் லண்டனில் போய் உட்கார்ந்துகொண்ட அமெரிக்கப் பையன்கள் சிலர் சேர்ந்து போட்டது. பொருளைக் கண்ணால் பார், பார்த்ததை மட்டும் எழுது, ஒரு சொல்கூட அதிகம் போடாதே. விட்லோ இரண்டையும் கலந்து எங்களுக்கு ஊட்டினார். அவை ஒரே வயிற்றில் ஒத்துப்போகுமா என்று நாங்கள் யோசிக்கவில்லை. மினசோட்டாவில் குளிர்காலத்தில் எது கொடுத்தாலும் சாப்பிட்டுவிடுவோம்.

இதிலெல்லாம் நான்தான் பெரிய பக்தன். டெல்பர்ட் கிராவுஸ், வகுப்புக் கோமாளி, சட்டக் காவலன். இலையுதிர் காலத்தில் ஐரீன் ஸ்டாக், ஆற்றில் மூழ்கிய ஒரு தம்பியைப் பற்றி எழுதியிருந்தாள். ஐரீன் ஜார்ஜியாக்காரி. அதிகம் பேச மாட்டாள், பேசினால் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு விட மாட்டாள். நான் அவள் கவிதையைத் தூக்கிப்பிடித்து, "பேசுகிறவளோட துக்கத்துக்குக் கவிதைக்குள்ள ஆதாரம் போதலை" என்று நீளமாகப் பேசினேன். விட்லோ புன்னகைத்தார். ஐரீன், "நன்றி. ரொம்ப உபயோகமா இருந்துச்சு" என்றாள். அன்றைக்கு நான் இரண்டு ஹாம்பர்கர் வாங்கிச் சாப்பிட்டேன். பெருமை வந்தால் எனக்குப் பசிக்கும்.

கிறிஸ்மஸுக்கு முன்னால் நான் குடியிருந்த வீட்டின் பாய்லர் வெடித்தது. வீட்டுக்காரி மிசஸ் குண்டர்சன் குழாய்களில் இருந்த தண்ணீரை எல்லாம் வடித்தாள், கதவைப் பூட்டினாள், குளிர் போனபிறகு வருகிறேன் என்று அரிசோனாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். மற்றப் பையன்கள் சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள் என்று ஒதுங்கிவிட்டார்கள். எனக்கு ஒதுங்க ஒரு இடம் இருந்தது. எங்கள் வீடு. அப்பா மாநிலத்தின் மேற்கு மூலையில் மக்காச்சோள விதை விற்கிறார். நான் கிளம்பும்போது, "கவிதை எந்த மண்ணுலடா வெளையும்?" என்று கேட்டார். சாப்பாட்டு மேசையில், சித்தப்பா குடும்பம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, நான் பதிலுக்கு ஒரு சொற்பொழிவே ஆற்றிவிட்டு வந்திருந்தேன். அதில் 'அடிமைத்தனம்' என்ற சொல் வந்ததாக ஞாபகம். அந்த மேசைக்கே திரும்பிப் போய் உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளுங்கள் என்று கேட்க எனக்கு முகம் இல்லை.

என்னிடம் ஒரு பழைய நாஷ் கார் இருந்தது. அந்தக் காரைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும். முன்சீட்டு அப்படியே மல்லாந்து பின்சீட்டைத் தொட்டு, நல்ல படுக்கையாகிவிடும். அந்தக் காலத்து அப்பாக்கள் நாஷ் வைத்திருக்கும் பையனோடு மகளை வெளியே அனுப்ப மாட்டார்கள். அவர்கள் பயந்தது வீண். அதில் என்னோடு படுத்தது ஒரு அகராதியும் இரண்டு கம்பளியும்தான்.

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால் உள்ள கார் நிறுத்தத்தில் வண்டியைப் போட்டுக்கொண்டேன். காலையில் கூடம் திறந்ததும் உள்ளே போய் வெந்நீரில் குளிக்கலாம், சவரம் செய்யலாம். தெருவுக்கு எதிர்ப்பக்கம் மாணவிகள் தங்கும் ஒரு மஞ்சள் வீடு இருந்தது. விடியுமுன் அதன் சமையலறையில் விளக்கு எரியும். ஒரு அம்மாள் காபிக் கெட்டிலை அடுப்பில் வைப்பது நிழலாகத் தெரியும். கம்பளிக்குள்ளிருந்து நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு கிடப்பேன். பார்த்தாலே கொஞ்சம் சூடாகத்தான் இருந்தது.

நாள் தவறாமல் குளித்ததால் வகுப்பிலேயே சுத்தமான ஆள் நானாகிப்போனேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் ராய்ஸ் பெல், பணக்கார வீட்டுப் பையன், என் ஈரத் தலையைப் பார்த்துவிட்டு, "என்னப்பா டெல், தினமும் சோப்பு மணக்குது, யாரு அந்தப் பொண்ணு?" என்றான்.

"சொன்னா நீ தாங்க மாட்ட" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ராய்ஸின் அறையில் ஒரு பெரிய சோஃபா இருந்தது. அதைக் கேட்டுவிடுவது என்று ஒரு நாள் தீர்மானம் செய்துகொண்டேன்.

"ராய்ஸ், உன் சோஃபா எப்படி இருக்கு?"

"ஏன், அதுக்கு என்ன?"

"இல்ல, ராத்திரியில தனியாக் கெடக்குமே, பயந்துக்காதான்னு கேட்டேன்."

அவன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். மறுநாள் காண்டீனில் எல்லோருக்கும் அதைச் சொல்லிக் காட்டினான். இதுதான் கோமாளியின் கதி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாலும் கைதட்டல்தான் விழும். வாயைத் திறந்தால் சிரிப்புத்தான் வருகிறது என்றானபின், எழுதிக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. நான்தான் கவிஞன் ஆயிற்றே.

எழுதினேன்.

*முன்சீட்டு மல்லாந்து பின்சீட்டைத் தொடுகிறது.*
*நடுவில் நான், அகராதி.*
*விடிந்ததும் என் மூச்சைக்*
*கண்ணாடியிலிருந்து நானே சுரண்டுகிறேன்.*
*இறகு இறகாக உதிர்கிறது*
*முழங்காலில்.*
*எதிர் வீட்டில் யாரோ காபி போடுகிறார்கள்.*
*உள்ளே கொஞ்சம் இடம் கிடைக்குமா?*

கவிதை கல்லூரிப் பிரதி இயந்திரத்தில் ஊதா மையில் அச்சாகி, ஸ்பிரிட் வாடையோடு, பெயரில்லாமல் எல்லோர் கைக்கும் போயிற்று. பெயர் இல்லாவிட்டாலும் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். யார் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானோ அவனுடையது. அந்த வார இறுதியில் கனடாவிலிருந்து பெருங்குளிர் இறங்கப்போகிறது என்று ரேடியோவில் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கன்றுகளை உள்ளே கட்டச் சொன்னார்கள். எனக்கு அதற்குள் ஒரு கூரை வேண்டும். அந்தக் கடைசி வரியை ஒரே ஒருவர் எழுதியபடியே படித்தால் போதும்.

ராய்ஸ் ஆரம்பித்தான். "மொதல்ல இந்தக் காரு. சீட்டு மடங்கிப் படுக்கையாகுதாம். ரொம்ப வசதியாப் போச்சு. பேசுகிறவனுக்குத் தேவைப்படுதுன்னு கொண்டுவந்து வெச்ச மாதிரி இருக்கு."

உண்மைதான். தேவைப்பட்டதால்தான் வைத்திருந்தேன்.

பாதிரியாராகப் படித்துவிட்டுப் பாதியில் கவிதைக்கு வந்த ஒருவர் எங்களோடு இருந்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "அது கார் இல்ல. கருப்பை. பேசுகிறவன் திரும்பப் பிறக்கணும்னு துடிக்கிறான்" என்றார்.

"எனக்குக் கல்லறைன்னு பட்டுச்சு" என்றது மேசைக் கோடியிலிருந்து ஒரு குரல்.

கருப்பையா கல்லறையா என்று கொஞ்ச நேரம் ஓடியது. எனக்கு இரண்டுமே சம்மதம், சூடாக இருந்தால் சரி.

"அதெல்லாம் இருக்கட்டும் சார்" என்றான் ராய்ஸ். "இந்த ஊர்ல ஜனவரியில ஒருத்தன் கார்ல படுத்தான்னா, காலையில விறைச்சுப் போயிருப்பான். எனக்கு இது நம்பும்படியா இல்ல."

எனக்கும் ராத்திரிகளில் அந்தச் சந்தேகம் வருவதுண்டு.

ஐரீன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒரு சொல்லுதான் இடிக்குது" என்றாள். "இறகு. வீட்டு ஜன்னல்ல பனி அப்படிப் படியும், பார்த்திருக்கேன். ஆனா இது கார்க் கண்ணாடி. அதுவும் உள்பக்கம், மூச்சு உறைஞ்ச பனி. அது இறகு மாதிரியா இருக்கும்? எழுதினவர் பார்த்துட்டுத்தான் எழுதினாரா?"

"பனின்னா இறகுதான். என் ஜன்னலை வந்து பாரு" என்றான் ராய்ஸ்.

"உன் ஜன்னலுக்குப் பின்னால ஹீட்டர் இருக்கு ராய்ஸ்."

"அருமையான கேள்வி, மிஸ் ஸ்டாக்" என்றார் விட்லோ. அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பார்த்தாரா? அதுதான் கேள்வி." பிறகு தாளைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். அவர் தொண்டையைச் செருமினால் ஒரு வரிக்கு ஆயுள் முடிந்தது என்று பொருள். "இப்போ கடைசி வரிக்கு வருவோம். எதிர் வீட்டுல காபி போடறாங்க, கவிதை அங்கயே முடிஞ்சுபோச்சு. அந்தக் காபியில எல்லாம் வந்துடுச்சு. அதுக்கு மேல பேசுகிறவன் வெளிய வந்து நம்ம சட்டையைப் பிடிச்சு இழுக்கறான். எனக்கு எடம் குடு, எனக்கு எடம் குடு. இது கவிதையா, விண்ணப்பமா?"

"வெட்டிடலாம் சார்" என்றான் ராய்ஸ்.

"வெட்டலாம்" என்றார் பாதிரியாராகாதவர், ஏறக்குறைய ஆசி வழங்கும் குரலில்.

மேசையைச் சுற்றி எல்லாத் தலைகளும் ஆடின. பென்சில்கள் அந்த வரியின் மேல் குறுக்கே ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. விட்லோ கண்ணாடியைக் கழற்றினார்.

"கவிஞர் ஏதாவது சொல்ல விரும்புறாரா?"

இதோ, இப்போது சொல்லலாம். சட்டமே அனுமதிக்கிறது. 'அது பேசுகிறவன் இல்லை சார், நான்தான்.' அவ்வளவுதான். வாயைத் திறந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சிரிப்பதற்குத் தயாராக அவர்கள் உதடுகள் ஏற்கெனவே கொஞ்சம் விரிந்திருந்தன.

"நன்றி" என்றேன். "ரொம்ப உபயோகமா இருந்துச்சு."

இத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. சாயங்காலம் நூலகத்தில் உட்கார்ந்து, விட்லோ சொன்னபடி கடைசி வரியை அடித்துப் பார்த்தேன். கவிதை நன்றாகிவிட்டது. சத்தியமாக நன்றாகிவிட்டது. காபியோடு நின்றதும் அதற்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டது. பிச்சைக்காரன் மாதிரி இருந்தது இப்போது பிரபு மாதிரி இருந்தது. நான் மகிழ்ந்துபோனேன். பிறகு போய் அதே காரில் படுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை புதுப் பிரதியை எடுத்துக்கொண்டு விட்லோவின் அறைக்குப் போனேன். ஜன்னலடியில் வெந்நீர்க் குழாய் உறுமிக்கொண்டிருந்தது. தோல் சோஃபா ஒன்று இருந்தது. அதை நான் பார்க்காமல் பார்த்தேன். விட்லோ கவிதையை மெல்லிய குரலில் தனக்குத்தானே வாசித்துக்கொண்டார்.

"இதை நம்ம காலாண்டிதழுக்கு எடுத்துக்கறேன், கிராவுஸ்."

அந்த இதழில் மாணவன் கவிதை வருவது அபூர்வம்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றார். "அந்த முழங்கால். மூச்சு உதிர்ந்து முழங்கால்ல விழுதே. அது எப்படித் தோணிச்சு?"

"சும்மா, கற்பனைதான் சார்."

"அபாரம்." தாளைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். கெட்டவர் இல்லை அவர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "நீங்க மிசஸ் குண்டர்சன் வீட்டுலதானே இருக்கீங்க? அங்க பாய்லர் ஏதோ தகராறுன்னு கேள்விப்பட்டேனே?"

கதவு திறந்துதான் இருந்தது. நான் நுழைந்தால் போதும். ஆனால் அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? உண்மையைச் சொன்னால் கவிதையின் விலை குறைந்துவிடும். 'கற்பனை, அபாரம்' என்றவர், 'ஓ, நடந்ததைத்தான் எழுதினாயா' என்பார். கடிகாரத்தை மூடிவிட்டு என் வயிற்றைப் பார்ப்பார்.

"சரி பண்ணிட்டாங்க சார்" என்றேன். "இப்போ நல்லா சூடா இருக்கு."

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். நான் படியிறங்கினேன். வெளியே வந்ததும் மூக்குத் துவாரத்தில் முடி விறைத்தது. ரேடியோ சொன்ன குளிர் வந்துவிட்டிருந்தது.

சனிக்கிழமை விழித்தபோது வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. கால் விரல்கள் எனக்குச் சொந்தமில்லாதவை போல இருந்தன. சாவியைத் திருப்பினேன். வண்டி ஒரு முறை இருமிவிட்டு ஓய்ந்தது. மறுபடி திருப்பினேன், அந்த இருமலும் இல்லை. சனிக்கிழமைகளில் கூடம் பத்து மணிக்குத்தான் திறக்கும். அதுவரை தாங்குவேனா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பயமாக இருந்தது. அதைவிட, 'கவிஞர் காரில் விறைத்தார், ஆதாரம் போதும்' என்று ராய்ஸ் எழுதப்போகும் இரங்கல் கட்டுரை பயமாக இருந்தது.

பனி முழுதாக மூடாத பக்க ஜன்னலை யாரோ தட்டினார்கள்.

நான் அசையவில்லை. கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, ஒரு மூட்டையாக நடித்தேன்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?" ஒரு பெண் குரல். கொஞ்சம் இடைவெளி. "மூட்டைன்னா மூச்சு விடாது. கம்பளியில ஆவி வருது."

அந்த ஜார்ஜியா இழுப்பு எனக்குத் தெரியும். எழுந்து கதவைத் தள்ளினேன். உறைந்து ஒட்டியிருந்தது. தோளால் இடித்ததும் திறந்தது. தலையிலிருந்து தாடைவரை சிவப்புத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஐரீன் நின்றாள். மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது.

"டெல்?"

"ஐரீன்! என்ன இந்நேரத்துல?" ஏதோ அவள் என் வீட்டு விருந்துக்குச் சீக்கிரம் வந்துவிட்டது போலக் கேட்டேன்.

"இறகு பார்க்க வந்தேன்."

"என்ன?"

"அந்த வரி. மூணு நாளா மண்டையைக் குடையுது." அவள் பின்னால் கையைக் காட்டினாள். எதிர் மஞ்சள் வீட்டு வாசலில் ஒரு பழைய பிளிமத் கார் நின்றது. "எங்க வீட்டம்மா வண்டியில ஏறிக் கண்ணாடியை ஏத்திட்டு உட்கார்ந்து ஊதிக்கிட்டே இருந்தேன். நாய் மாதிரி. ஒண்ணுமே படியல, லேசாப் புகை மாதிரி வந்து போயிடுச்சு. ஒரு ஆளு ராத்திரி பூரா உள்ள மூச்சு விட்டாத்தான் படியும்போலன்னு நெனச்சேன். அப்பத்தான் இந்த வண்டி கண்ணுல பட்டுச்சு. எல்லா வண்டியும் வெளிப்பக்கம் வெள்ளை. இது மட்டும் உள்பக்கம்."

"நானும் அதுக்குத்தான் வந்தேன்" என்றேன் வேகமாக. "சரிபார்க்க. ஒரு ஆராய்ச்சி."

"கம்பளியோடயா?"

"ஆராய்ச்சி கொஞ்சம் நீளும்னு பட்டுச்சு."

அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். நானும் முதல் முறையாக அவள் கண்ணால் பார்த்தேன். ஸ்டியரிங்கில் வரிசையாகக் காலுறைகள். பின் ஜன்னலில் தொங்கும் என் ஒரே நல்ல சட்டை, விறைத்துப்போய், கைகளைத் தூக்கிச் சரணடைந்தவன் மாதிரி. சவரக் கத்தி. கல்லாகிப்போன ரொட்டி. நான்கு சுவர் இருக்கும் மனிதன் அறை அறையாகப் பிரித்து வைத்துக்கொள்வதை எல்லாம் நான் ஒரே பார்வையில் தெரியும்படி பரப்பி வைத்திருந்தேன். அந்தக் கணம் அவள் சிரித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் சிரிக்கவில்லை.

கையுறையைக் கழற்றினாள். என்னைத் தாண்டிக் கையை நீட்டி, முன்கண்ணாடியின் உள்பக்கத்தை நகத்தால் தொட்டாள்.

"இறகு இல்ல" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். இறகு இல்லைதான். கேக்கின் மேல் சர்க்கரையைத் தூவி, அதன் மேல் இன்னும் கொஞ்சம் தூவியது போல, குருணை குருணையாக இருந்தது. கிறிஸ்மஸிலிருந்து தினமும் காலையில் அதைச் சுரண்டியவன் நான். ஒரு நாள்கூட அதைப் பார்த்ததில்லை. யாராவது வருவதற்குள் சுரண்டி முடிக்க வேண்டும் என்று வெளியேதான் பார்த்துக்கொண்டிருப்பேன். இறகு எங்கிருந்து வந்தது? நன்றாக இருந்தது, போட்டுவிட்டேன்.

"சர்க்கரை" என்றேன்.

"ம். சர்க்கரைதான்." நகத்தில் ஒட்டிய பனியை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தனை நாளா டெல்?"

"கவிதையில பேசுகிறவன் வந்து..."

"டெல்."

"கிறிஸ்மஸ்லேர்ந்து."

எங்கள் இருவர் மூச்சும் வெள்ளையாக எழுந்து நடுவில் கலந்தது. பிறகு, தெருவைப் பார்த்துக்கொண்டே, "என் தம்பி நெஜமாவே செத்துப்போனான், தெரியுமா?" என்றாள்.

நான் கம்பளியைக் கீழே விட்டேன்.

"ஜூன்ல. ஆத்துல. பேரு கிளேடன். நீ ஆதாரம் போதலைன்னு சொன்ன."

"நான் பேசுகிறவளைத்தான்..." என்று ஆரம்பித்தேன். அந்த வாக்கியம் என் வாயிலேயே விறைத்துப்போயிற்று. அதற்கு மேல் அதைத் தள்ள என்னிடம் பெட்ரோல் இல்லை. "மன்னிச்சிடு ஐரீன். நான் கேட்டிருக்கணும்."

"நான் மட்டும் கேட்டேனா? புதன்கிழமை நீ காபிக் கோப்பைக்குள்ள தலையை விட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்த. நான் இறகைப் பத்திக் கேட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "ஆனா நீ சொன்னது உபயோகமாத்தான் இருந்துச்சு" என்றாள். அது கிண்டலா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. அவளாக 'வா' என்று சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. சொல்லாமல் நின்றது கல்நெஞ்சத்தால் இல்லை. அவளே சொல்லிவிட்டால், நான் அதையும் ஒரு வேடிக்கையாக்கி, "ஆராய்ச்சி முடிஞ்சாத்தான் வருவேன்" என்று மறுத்திருப்பேன். அது அவளுக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். அவள் கண்ணாடி ஆவியில் மங்கிப்போயிருந்தது. அதைக் கழற்றினாள். சிவப்புத் துண்டின் நுனியால் மெல்லத் துடைத்தாள்.

"கவிஞர் ஏதாவது சொல்ல விரும்புறாரா?"

விட்லோவைப் போலப் பேசிக்காட்டவில்லை. தன் குரலிலேயே கேட்டாள். கண்ணாடி இல்லாத அவள் கண்கள் என்னைச் சரியாகப் பார்த்திருக்கவும் முடியாது. அது எனக்கு உதவியாக இருந்தது.

நன்றி, ரொம்ப உபயோகமா இருந்துச்சு. பல்வரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன். அதற்குப் பிறகு என்னிடம் இருந்தது ஒரே ஒரு வரி. அதையும் நானே அடித்துவிட்டிருந்தேன்.

"உள்ள," என்றேன். குரல் உடைந்து, பதின்மூன்று வயதுப் பையனுடையது போல வந்தது. "உள்ள கொஞ்சம் எடம் கெடைக்குமா?"

காது இரண்டும் சுட்டன. உடம்பில் அப்போது சூடாக இருந்தவை அவை மட்டும்தான்.

ஐரீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "எங்க வீட்டம்மா ஆம்பளைங்களைச் சமையலறையைத் தாண்டி விட மாட்டாங்க" என்றாள். "ஆனா அடுப்பு சமையலறையிலதான் இருக்கு. வா. அந்தக் காலுறையை எடுத்துக்கோ."

தெருவைக் கடந்தோம். கால் விரல்கள் இல்லாதவன் நடப்பது போல நடந்தேன். அவள் என் அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ராத்திரிக்கு ராய்ஸோட சோஃபா இருக்குல்ல?" என்றாள்.

"ஐயோ, அவன்கிட்ட சொல்லாத. ஊர் பூரா பரப்பிடுவான்."

"நான் ஏன் சொல்றேன்? நீதான் சொல்லணும். அதே வரி போதும். சோஃபா பயந்துக்கும் அது இதுன்னு எதையும் சேர்க்காத."

"விட்லோ? கவிதை இதழுக்குப் போயிடுச்சே. இறகோட."

"இறகை மாத்திடு. சர்க்கரை."

"கடைசி வரி?"

அவள் யோசித்தாள். குளிரில் நின்று, உண்மையாகவே யோசித்தாள். "கவிதைக்கு அது வேண்டாம்" என்றாள். "அவர் சொன்னது சரிதான். உனக்குத்தான் அது வேணும்."

பின்வாசல் படியேறி அவள் தட்டினாள். கதவைத் திறந்தது நிழலாக நான் பார்த்துப் பழகிய அம்மாள். நேரில் குட்டையாக இருந்தாள், கையில் கெட்டில். அவளுக்குப் பின்னால் அடுப்பு, மேசை, வெண்ணெய்த் தட்டு. காபி வாசனை என் முகத்தில் வந்து மோதியது. அத்தனை நாளும் கண்ணாடி வழியாகப் பார்த்ததில் அந்த வாசனை இருக்கவில்லை.

"யாரு ஐரீன் இது?" அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் கையில் ஒரு கொத்துக் காலுறை.

நான் ஐரீனைப் பார்த்தேன். இவள் சொல்வாள், அழகாக, என் மானம் போகாதபடி ஏதாவது சொல்வாள். ஐரீன் அகராதியை மார்போடு அணைத்துக்கொண்டு வாயை இறுக மூடியிருந்தாள். புதன்கிழமைக் கவிஞர் யாரும் அப்படிச் சட்டத்தைக் காத்ததில்லை.

அம்மாள் காத்திருந்தாள். சூடெல்லாம் கதவு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

ஒருமுறை சொல்லியாகிவிட்டது, இரண்டாம் முறை சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. காது மறுபடியும் சுட்டது. ஆனால் வரி மாறவில்லை.